சாம்பல் நிறப் பொட்டலம் இரண்டு

ஒன்றை அங்கேயே விழுங்கச் சொன்னார்கள்.
சேலம் பெரியாஸ்பத்திரி, சுக வாழ்வு மையம்,
மின்விசிறி சுற்றாத அறை.
காகிதக் கப்பில் தண்ணீர், இரண்டு மாத்திரை.
என் தொண்டை அசைவதைப் பார்த்துக்கொண்டே
கவுன்சிலர் மேடம் பதிவேட்டில் டிக் போட்டார்.
இன்னொன்று வீட்டுக்காரருக்கு.
"அவரும் விழுங்கி ஏழு நாள் கழியணும்.
அதுக்கப்புறமும் இது வேணும்" என்று
நிரோத் சரத்தை மடித்துக் கையில் வைத்தார்.

சிரிக்காமல் மரக்கட்டையில் மாட்டிக் காட்டினார்.
தேதியைப் பார்.
உறையை அமுக்கு, உள்ளே காற்று நிற்க வேண்டும்.
நுனியைக் கிள்ளிப் பிடி.
பல்லால் கிழிக்காதே.
நான் எல்லாவற்றையும் பல்லால் கிழிப்பவள்:
ஷாம்பு, ஊறுகாய், மிளகு மூட்டையின் சணல்.

நாகலூர் பஸ். கோரிமேடு தாண்டி
அடிவாரம் வரை ஒன்றும் யோசிக்கவில்லை.
முதல் வளைவில் பலகை: 1/20.
இருபது வளைவு இருக்கிறது,
ஒரு வாக்கியமாவது சரியாக வராதா.

"எனக்கு வெள்ளைபடுது, உனக்கும் மருந்து குடுத்தாங்க."
இது நானே கொண்டுவந்தது மாதிரி இருக்கிறது.

மூன்றாவது வளைவு:
"மங்களூர்ல லோடு இறக்கிட்டு எங்க தங்கின?"
இது சண்டை. மாத்திரை ஜன்னல் வழியாகப் போகும்.

ஐந்து: "சத்து மாத்திரை, டாக்டர் குடுத்தாரு."
பொய். ஆனால் விழுங்கிவிடுவான்.
ஏழு வரை அதையே வைத்திருந்தேன்.
நிரோத்தை எந்தச் சத்தில் சேர்ப்பது?

எட்டில் ஒரு புதுப்பெண் ஜன்னலுக்கு வெளியே வாந்தி எடுத்தாள்.
முதுகைத் தடவிய மாப்பிள்ளை கையில் மோதிரம் இன்னும் இறுக்கம்.
என்னவெல்லாம் விசாரித்துக் கட்டிக்கொண்டார்களோ.
எங்களுக்கு மூன்று ஞாயிறு கோயிலில் ஓலை வாசித்தார்கள்.
தடை ஏதும் தெரிந்தால் சொல்லுங்கள் என்றார் ஃபாதர்.
ரத்தத்தை யாரும் கேட்கவில்லை.

பதினொன்றில் காது அடைத்தது.
என் வாக்கியம் எனக்கே கேட்கவில்லை.
எச்சில் விழுங்கினேன். திறந்தது.

பதினான்கு. குரங்குகள்.
பதினேழு. பனி, அல்லது என் மூக்குக்கண்ணாடி.
இருபதில் பையைத் திறந்து
பொட்டலத்தைத் தொட்டுப் பார்த்தேன்.

இருதயராஜ் வண்டி கழுவிக்கொண்டிருந்தான்.
இருபதும் வழியிலேயே உதிர்ந்துவிட்டன.
சோற்றுத்தட்டில், உப்பு வைக்கும் இடத்தில் வைத்தேன்.
"என்னது?"
"நோய்த்தொற்று. நான் விழுங்கிட்டேன், நீயும் விழுங்கணும்.
யார்கிட்டருந்துன்னு இன்னைக்குக் கேக்கல.
நாளைக்குக் கேப்பேன்."
பின்னால் விலை போட்டிருக்கும் என்பதுபோல
திருப்பித் திருப்பிப் பார்த்தான்.
சாப்பிடாமல் எழுந்து போனான்.

அடுப்படியில் பாய் விரித்துத் தாழ்ப்பாள் போட்டேன்.
பத்து வருஷமாக அதற்கு எண்ணெய் விட்டதில்லை.
லைன் வீடு அத்தனைக்கும் கேட்டிருக்கும்.

மூன்றாம் நாள் காலை
ஜன்னல் கட்டையில் காலிப் பொட்டலம்,
பல்லால் கிழித்தது.
விழுங்கினானா, வெளியே வீசினானா?
மிளகுக்கொடியடியில் சருகைக் கிளறிப் பார்த்தேன்.
எறும்புதான்.
கேட்டேன். "ம்" என்றான்.
அந்த "ம்"முக்கு எந்தப் பதிவேட்டில் டிக் போடுவது.

மாதா காலண்டரில், பால் கணக்குக்குக் கீழே,
ஒன்றிலிருந்து ஏழு வரை எழுதினேன்.
மூன்று மாதம் தள்ளி ஒரு வட்டம், ரத்தப் பரிசோதனைக்கு.
இரண்டு பேருக்கும்.
அவன் வராவிட்டால் எனக்கு.

சரத்தை அரிசி டின்னில் ஒளிக்கவில்லை.
சீப்புக்குப் பக்கத்தில் கிடக்கிறது, பார்க்கட்டும்.
ராத்திரி விளக்கை அணைக்கும் முன்
ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்தேன்.
காற்று நிற்கிறது.